பத்துக்குப் பத்து மும்பை

தென் மும்பையில் காலா கோடாவுக்குப் பக்கத்தில் எஸ்பிளனேட் மேன்ஷன் என்ற பழைய கட்டடம் நிற்கிறது. அதன் பழைய பெயர் வாட்சன் ஹோட்டல். இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து 1860களில் பூட்டி எழுப்பிய கட்டடம் அது. 1896 ஜூலை 7 அன்று லூமியர் சகோதரர்களின் அசையும் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது இந்த ஹோட்டலில்தான். ஹோட்டல் மூடப்பட்ட பிறகு கூடங்கள் தடுக்கப்பட்டன, அறைகள் பிரிக்கப்பட்டன. வாடகைக் குடித்தனங்களும் வக்கீல் அலுவலகங்களும் சிறு கடைகளும் உள்ளே நெருக்கியடித்து இடம் பிடித்தன. வாடகை உயராததால் பராமரிக்க ஆளில்லை. 2005-ல் பால்கனியின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 2019-ல் கட்டடம் பாதுகாப்பானதல்ல என்று சொல்லி எல்லோரையும் வெளியேற்றினார்கள். மும்பையைப் படங்களின் வழியே பார்க்கக் கிளம்புகிறவர் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து தொடங்குவது வழக்கம். இங்கிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பேன். சினிமா இந்த நாட்டில் வந்திறங்கிய கட்டடமே அறை அறையாகக் கூறுபோடப்பட்டுக் கடைசியில் காலியாகியிருக்கிறது. அந்த வரலாறு இந்த ஊர்ப் படங்கள் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பதற்கு முதல் சாட்சி.

மும்பைப் படங்கள் என்றால் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது காதல், கடல், தாதாக்கள், லோக்கல் ரயில், மழை. இவை எல்லாம் உண்டு. ஆனால் 1950களின் கறுப்பு வெள்ளைப் படம் முதல் 2024-ல் கான் விழாவில் பரிசு பெற்ற படம் வரை, நகைச்சுவை, குற்றக்கதை, குடும்பக்கதை, காதல்கதை என்று எந்த வகையை எடுத்தாலும் அடியில் ஒரே கேள்வி ஓடுகிறது: இந்த ஊரில் தலைசாய்க்க யாருக்கு எத்தனை சதுர அடி? இதற்கு ஊரின் அமைப்பே காரணம். ஏழு தீவுகளுக்கு இடையிலிருந்த கடலைத் தூர்த்து ஒட்டவைத்த நீண்ட, ஒடுங்கிய நிலம் மும்பை. மூன்று பக்கமும் தண்ணீர். டெல்லியோ பெங்களூரோ போல எல்லாத் திசையிலும் பரவ இதற்கு வழியில்லை. வடக்கே போகலாம், அல்லது மேலே போகலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநகரத்தில் சுமார் 1 கோடியே 24 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் எடுக்கப்படும் கதை, இயக்குநர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், இடத்தைப் பற்றிய கதையாகத்தான் வந்து நிற்கும்.

இதற்கு முதல் மறுப்பு மெரின் டிரைவிலேயே காத்திருக்கிறது. காலா கோடாவிலிருந்து ஓவல் மைதானத்தைக் கடந்து, 1938-ல் திறந்த ஈராஸ் தியேட்டரைத் தாண்டினால் சில நிமிட நடையில் கடல். அரைவட்டமாக வளையும் சாலை, அதன் ஒருபுறம் 1930, 40களில் எழுந்த ஆர்ட் டெகோ அடுக்குமாடிகள், மறுபுறம் கடற்சுவர். 1956-ல் வந்த 'சி.ஐ.டி.' படத்தில் ஜானி வாக்கர் குதிரை வண்டியில் போய்க்கொண்டே ஊரைக் கேலி செய்து பாடுகிறார். 1979-ல் வந்த 'மன்சில்' படத்தில் அமிதாப் பச்சனும் மௌசமி சாட்டர்ஜியும் நிஜமான மழையில், கோட்டும் புடவையும் சொட்டச் சொட்ட, இந்தச் சாலையிலும் ஓவல் மைதானத்திலும் நடக்கிறார்கள். விசாலமான இந்தக் காட்சிகளில் இட நெருக்கடி எங்கே என்று கேட்கலாம். கடற்சுவரில் மாலையில் உட்கார்ந்திருப்பவர்களைச் சற்று நேரம் கவனித்தால் விடை கிடைக்கும். கடலைப் பார்த்து, ஊருக்கு முதுகு காட்டி, ஜோடி ஜோடியாக, ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே இரண்டு முழம் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் அறையிலிருந்து வருகிறவர்களுக்குத் தனிமை கிடைக்கும் ஒரே இடம் ஆயிரம் பேர் நடந்துபோகும் இந்தச் சாலைதான். இந்திப் படத்தின் காதலர்கள் கடற்கரையில் பாடுவதை வெறும் அழகுணர்ச்சி என்று தள்ளிவிட முடியாது. வீட்டுக்குள் பாட இடமில்லாததால்தான் பாட்டு வெளியே வந்தது.

சுதந்திரம் கிடைத்த முதல் பத்தாண்டுகளில் இந்தக் கேள்வியை மிக நேராகக் கேட்டவர் எழுத்தாளரும் இயக்குநருமான கே.ஏ. அப்பாஸ். அவர் எழுத, ராஜ் கபூர் இயக்கி நடித்த 'ஸ்ரீ 420' 1955-ல் வந்தது. ஜப்பான் செருப்பைப் பற்றிய அதன் பாட்டு எல்லோருக்கும் தெரியும். கதையின் மையத்தில் இருக்கும் மோசடி எது என்பது பலருக்கு மறந்திருக்கும். நூறு ரூபாய் கட்டினால் சொந்த வீடு என்று ஒரு சேட் திட்டம் போடுகிறார். நடைபாதையில் படுத்துறங்குகிற ஏழைகள் சேர்த்து வைத்த காசைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். நாயகனை மனம் மாற வைப்பதே அந்தக் கூட்டம்தான். தங்கமோ பங்குச்சந்தையோ லாட்டரியோ காட்டி ஏழையை ஏமாற்றும் கதையை எந்த ஊரிலும் வைக்கலாம். மும்பையில் அவனை ஏமாற்ற வீடு என்ற ஒரு சொல் போதும் என்று அப்பாஸ் கண்டுகொண்டார். பிறகு 1963-ல் அவரே இயக்கிய 'ஷெஹர் ஔர் சப்னா' இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. வேலை தேடி வரும் இளைஞனும் அவன் மணக்கும் பெண்ணும் குடித்தனம் வைப்பது சாலையோரம் கிடக்கும் பெரிய கழிவுநீர்க் குழாய்க்குள். சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 'ஸ்ரீ 420'-ஐ எடுத்த ஆர்.கே. ஸ்டூடியோ 1948 முதல் செம்பூரில் இருந்தது. 2017-ல் தீப்பிடித்தது. 2019-ல் அந்த நிலம் கட்டுமான நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. போலி வீட்டுத் திட்டத்தைப் படமாக்கிய நிறுவனத்தின் நிலமும் கடைசியில் வீட்டுமனைச் சந்தைக்கே போய்ச் சேர்ந்தது.

சர்ச்கேட்டில் லோக்கல் ஏறி வடக்கே போகிறவருக்கு ஒரு வசதி உண்டு. நிலையங்கள் வரும் வரிசையிலேயே ஊரின் வரலாறும் ஏறக்குறைய வரும். மெரின் லைன்ஸ், சர்னி ரோடு தாண்டும்போது கிழக்கே கிர்காவ். மராத்தி நடுத்தர வர்க்கத்தின் பழைய தாய்வீடு. இங்கே சால் என்று எல்லோரும் சொல்லும் குடியிருப்புகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. இரண்டு முதல் நான்கு மாடி, மாடி நெடுக ஒரு பொது வராந்தா, அதை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், மாடிக் கோடியில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறைகள். கோலி எனப்படும் ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய பத்துக்குப் பத்து அல்லது பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதன் ஒரு மூலையில் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் இடுப்புயரத் தடுப்புக்குள் ஒரு மோரி. இரவில் ஆண்பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போவார்கள். பாசு சாட்டர்ஜி 1972-ல் எடுத்த 'பியா கா கர்' இந்த வராந்தாவிலேயே நடக்கிறது. ஜெயா பாதுரி கிராமத்து விசாலமான வீட்டிலிருந்து மருமகளாக வருகிறாள். கூட்டுக் குடும்பம் அன்பானது, யாரும் கெட்டவரில்லை. ஆனால் புதுமணத் தம்பதிக்குக் கிடைப்பது சமையலறைத் தரை. இருவரும் தனியாக நாலு வார்த்தை பேச எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் யாரோ ஒருவர் தண்ணீருக்கு வருவதில் முறிகிறது. சிரிக்கச் சிரிக்க எடுத்த படம். வில்லனே இல்லாத இந்தக் கதையில் வில்லன் வேலையைச் சுவர்கள் செய்கின்றன.

சால்களின் கதையில் சட்டத்துக்கும் ஒரு பாத்திரம் உண்டு. 1947-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகைகளை 1940-ன் அளவிலேயே நிறுத்திவைத்தது. குடியிருப்பவரைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். அது காப்பாற்றவும் செய்தது. ஆனால் வாடகையில் லாபம் இல்லாத வீட்டைச் சொந்தக்காரர் பழுதுபார்க்கவில்லை. கட்டடம் தானாக விழுந்தால் நிலம் கையில் வரும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. சயீத் மிர்சா 1984-ல் எடுத்த 'மோகன் ஜோஷி ஹாஜிர் ஹோ!' இந்தச் சிக்கலை மையமாக வைத்த படம். பீஷ்ம சாஹ்னியும் தீனா பாதக்கும் வயதான தம்பதி. ஒழுகி, விரிசல் விட்டு, ஆட்டம் கண்ட சால் கட்டடத்தைப் பழுதுபார்க்கச் சொல்லி வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடுகிறார்கள். வக்கீல்கள் அவர்களுடைய சேமிப்பைத் தின்கிறார்கள், ஆண்டுகள் ஓடுகின்றன, அக்கம்பக்கத்தார் ஏளனம் செய்கிறார்கள். கடைசியில் நீதிபதி கட்டடத்தை நேரில் பார்க்க வருகிறார். அதற்கு முன் வீட்டுக்காரரின் ஆட்கள் அவசர அவசரமாக முட்டுக்கொடுத்து, பூசி மெழுகி, எல்லாம் சரியாக இருப்பதுபோல் ஆக்கிவைக்கிறார்கள். நீதிபதி திருப்தியோடு திரும்பும் நேரம். அதைப் பொறுக்க முடியாத கிழவர் அந்த முட்டுக்கட்டைகளைத் தன் கையாலேயே பிடித்து இழுக்கிறார். கட்டடம் அவர் மேலேயே விழுகிறது. இந்திய சினிமாவில் வீட்டைப் பற்றி எடுக்கப்பட்ட காட்சிகளில் இதற்கு மேலான ஒன்றை நான் அறியேன். தன் கட்சியை நிரூபிக்க அந்த மனிதருக்குக் கிடைத்த ஒரே சாட்சியம் அவர் உடல்.

எழுபதுகளின் படங்கள் வாடகை அறையிலிருந்து சொந்த ஃபிளாட்டுக்கு நகர்கின்றன. பீம்சைன் எடுத்த 'கரௌந்தா' (1977) ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் காதலர்களைக் காட்டுகிறது. அமோல் பாலேகரும் ஜரீனா வஹாபும் கட்டி முடிக்காத மாடிகளில் ஏறி, சுவரில்லாத அறைகளுக்குள் நின்று, இது நம் சமையலறை, இது நம் படுக்கையறை என்று கனவு காண்கிறார்கள். கட்டிய பணத்தோடு பில்டர் ஓடிவிடுகிறார். அதன்பின் நாயகன் சொல்லும் யோசனை பார்ப்பவரை உலுக்குகிறது. நோயாளியான பணக்கார முதலாளியை நீ கட்டிக்கொள், அவர் போன பிறகு நமக்கு வீடு கிடைக்கும் என்கிறான். காதலைவிட வீடு அரிதாகிப்போன ஊரில் காதலுக்கு நேர்வது இதுதான். அதற்கு இரண்டாண்டு முன் வந்த 'தீவார்' வேறு வகைப் படம், ஆனால் அதிலும் கணக்கு மாறவில்லை. அம்மா சித்தாளாகச் செங்கல் சுமந்த கட்டடத்தையே மூத்த மகன் விலைகொடுத்து வாங்குகிறான், அதுவும் விற்பவர் திகைக்கும் விலைக்கு. பாலத்தடியில் படுத்து வளர்ந்த சகோதரர்கள் பெரியவர்களான பிறகு மோதிக்கொள்வதும் அதே பாலத்தடியில்தான். கோபக்கார இளைஞனின் கோபத்தைத் தொழிலாளர் கோபம், அவசரநிலைக்கு முந்தைய கோபம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அவையும் சரிதான். வீடில்லாமல் வளர்ந்தவனின் கோபம் என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

1981-ல் மழைக்காலத்தில் நடைபாதைவாசிகளை மாநகராட்சி அப்புறப்படுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1985-ல் வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு, வாழ்வாதார உரிமையும் உயிர்வாழும் உரிமையின் பகுதிதான் என்று சொன்னது. அதே ஆண்டு ஆனந்த் பட்வர்த்தனின் 'பம்பாய் ஹமாரா ஷெஹர்' ஆவணப்படம் குடிசை இடிப்புகளை நேரில் பதிவு செய்தது. அந்தத் தீர்ப்புக்குச் சற்று முன், 1983-ல், குந்தன் ஷாவின் 'ஜானே பி தோ யாரோ' இந்த ஊரின் நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைச் சிரிப்பாலேயே சொல்லிவிட்டது. இரண்டு பில்டர்கள், ஒரு மாநகராட்சி கமிஷனர், ஒரு பத்திரிகை ஆசிரியர், இடிந்து விழும் ஒரு மேம்பாலம். உண்மையைப் படம் பிடித்த இரு அப்பாவிப் புகைப்படக்காரர்களுக்குக் கடைசியில் கிடைப்பது கைதி உடை. ஐம்பதுகளில் ஒரு தனிச் சேட்டின் பேராசையாக இருந்த மோசடி இந்தப் படத்தில் ஊர் நடத்தும் முறையாகவே ஆகியிருக்கிறது. காலத்துக்குக் காலம் மாறுவது பழி யார் மேல் விழுகிறது என்பதுதான்.

மகாலட்சுமி தாண்டி லோயர் பரேல் வந்ததும் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தவர் கிழக்கே பார்க்க வேண்டும். கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆலைப் புகைபோக்கிகள் தெரியும். கிரண்காவ் எனப்பட்ட ஆலைப் பகுதி இது. 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஃபீனிக்ஸ் மில் பெரிய வணிக வளாகமானது. வேலையிழந்த குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மகேஷ் மஞ்ச்ரேக்கர் 2010-ல் மராத்தியில் 'லால்பாக் பரேல்' என்றும் இந்தியில் 'சிட்டி ஆஃப் கோல்ட்' என்றும் எடுத்தார். துணியில் வந்த லாபத்தைவிட ஆலை நின்ற மண்ணில் வரும் லாபம் பெரிது என்று முதலாளிகள் கண்டுகொண்ட கதை அது. அந்தச் சால்களின் வேலையற்ற இளைஞர்களிலிருந்து சிலர் தாதாக்களின் படையில் சேர்கிறார்கள்.

இங்கே இரண்டாவது மறுப்பு. தாதா படங்கள் அதிகாரத்தையும் வன்முறையையும் பற்றியவை, அவற்றில் இடத்தைத் தேடுவது வலிந்து பொருள் கொள்வதில்லையா? ராம் கோபால் வர்மாவின் 'சத்யா'வை (1998) எடுத்துக்கொள்வோம். இந்த வகையிலேயே முதன்மையான படம். எங்கிருந்து வந்தான் என்று யாருக்கும் தெரியாத ஒருவன் சிறையில் தாதா பிக்கு மாத்ரேயைச் சந்திக்கிறான். கும்பல் அவனுக்குக் கொடுக்கும் முதல் பெரிய உதவி ஒரு கோலி. பக்கத்து அறையில் இருக்கும் பெண்ணிடம் காதல் வருவதும் அந்தக் கோலியால்தான். கும்பல் மிரட்டிப் பணம் பறிக்கும் ஆட்களில் பில்டர்கள் இருக்கிறார்கள். ஊரே தன் கையில் என்று பிக்கு மாத்ரே கடலைப் பார்த்துக் கத்தும் புகழ்பெற்ற காட்சி கடற்பாறை மேல் எடுக்கப்பட்டது. படம் முழுக்கக் குறுகிய அறைகளிலும் படிக்கட்டுகளிலும் சந்துகளிலும் அடைபட்டிருந்த கேமராவுக்கு அங்கேதான் மூச்சு விடக் கிடைக்கிறது. துப்பாக்கியை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் மிச்சம் இருப்பது வீடு கிடைத்தவன், அதை இழக்கப் பயப்படுகிறவன் கதை. வன்முறைக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மும்பைத் தாதா படத்தை மற்ற ஊர்த் தாதா படத்திலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த நிலக் கணக்குதான்.

மாஹிம் நிலையத்தில் இறங்கி நடைமேம்பாலத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் தாராவி. சயான் பக்கம் வரை நீளும் இந்தப் பகுதியின் மொத்தப் பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் ஒரு பக்கம், தோல் பதனிடவும் மற்ற வேலைகளுக்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் ஒரு பக்கம். 90 அடிச் சாலையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. பொங்கலன்று தெருவில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கிறார்கள். தமிழ் சினிமா மும்பையைத் தன் சொந்த ஊராகப் பார்த்தது இந்த வழியாகத்தான். மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) பார்த்தவர்களுக்கு வேலு நாயக்கரின் வசனங்கள் மனப்பாடமாக இருக்கும். குடிசைகளை இடிக்க வந்த சேட்டின் வீட்டுக்கே ஆட்களோடு போய்ச் சாமான்களை உடைத்து, வீடு இழப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்டும் கட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். வேலுவைத் தலைவனாக்கியவற்றில் அந்த நாளுக்கும் பங்குண்டு. முப்பத்தோரு ஆண்டுகள் கழித்து பா. ரஞ்சித் 'காலா'வில் (2018) அதே மண்ணுக்குத் திரும்பினார். கதையே சலவைத்துறையை இடிக்க வருவதில் தொடங்குகிறது. எதிரே நிற்கும் திட்டத்தில் கோல்ஃப் மைதானம்கூட இருக்கிறது. 'நாயக'னில் நிலம் ஒரு மனிதனின் எழுச்சிக்குப் பின்னணி. 'காலா'வில் நிலமே கொள்கை, நாயகன் இறந்தாலும் அது நிற்கும் என்கிறது படம். இந்த மாற்றம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டை ஒரு பெரிய மனிதரின் தயவாகக் கேட்டு வந்த மக்கள், இப்போது அதை உரிமையாகக் கேட்கிறார்கள்.

மற்றவர்களும் தாராவிக்கு வந்தார்கள். டேனி பாயிலின் 'ஸ்லம்டாக் மில்லியனர்' (2008) எட்டு ஆஸ்கர் பெற்றது, வறுமையை விற்றது என்ற குற்றச்சாட்டையும் பெற்றது. அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனாலும் அண்ணன் தம்பி இருவரும் பாதி கட்டிய கோபுரத்தின் உச்சியில் நின்று, நம் குடிசை இருந்த இடம் இதுதான் என்று கீழே பார்க்கும் காட்சி அதில் இருக்கிறது. ஜோயா அக்தரின் 'கல்லி பாய்' (2019) ராப் பாடகனின் வெற்றிக்கதை. ஆனால் தொடக்கத்திலேயே அப்பா இரண்டாம் மனைவியை அந்த ஒற்றை அறை வீட்டுக்குக் கூட்டிவருகிறார். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் வந்து இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி என்று வியந்து பார்க்கிறார்கள். நாயகன் முராத் தன் பாட்டுக்கான தனிமையைத் தேடிப் போவது முதலாளியின் காருக்குள்.

பெருநகரம் எதுவானாலும் வீட்டுப் பிரச்சினை உண்டே, மும்பைக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்பது மூன்றாவது மறுப்பு. பில்லி வைல்டர் 1960-ல் 'தி அபார்ட்மென்ட்' எடுத்தார். அலுவலக மேலதிகாரிகளுக்குத் தன் ஃபிளாட்டின் சாவியை இரவல் கொடுக்கும் ஒருவனின் கதை. அனுராக் பாசு 2007-ல் 'லைஃப் இன் எ... மெட்ரோ'வில் அதையே எடுத்தாண்டபோது அது மும்பைக்கென்றே எழுதியதுபோல் பொருந்தியது. சென்னையிலும் ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) வியாசர்பாடி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் ஒரு சுவரைச் சுற்றி நடக்கிறது. ஆகவே பொதுவானது என்பது உண்மை. வேறுபாடு விகிதத்தில் இருக்கிறது. சென்னைப் படங்களில் பிரச்சினை முற்றினால் கதை செங்கல்பட்டுப் பக்கமோ சொந்த ஊருக்கோ போகும். நியூயார்க்கில் இந்த விஷயம் ஒன்றிரண்டு படங்களோடு முடியும். மும்பையில் எழுபது ஆண்டுகளாக எல்லா வகைப் படங்களிலும் இதைத் தவிர்க்க முடியவில்லை.

என் வாதத்துக்கு அடங்காத படங்களும் இருக்கின்றன, அவற்றை இதற்குள் திணிக்கக் கூடாது. 1992-93 கலவரங்களையும் அவற்றுக்கு முந்தைய நாட்களையும் குண்டுவெடிப்புகளையும் பற்றிய மணிரத்னத்தின் 'பம்பாய்', சயீத் மிர்சாவின் 'நசீம்', அனுராக் காஷ்யபின் 'பிளாக் ஃபிரைடே' ஆகியவை வெறுப்பைப் பற்றியவை. அவற்றைச் சதுர அடிக் கணக்காகச் சுருக்குவது செத்தவர்களுக்குச் செய்யும் அநீதி. ஒன்று மட்டும் சொல்லலாம். கலவரத்துக்குப் பிறகு ஊரின் வரைபடம் மதவாரியாக மாறியது. ஏராளமான முஸ்லிம் குடும்பங்கள் தானே நகருக்கு அருகிலுள்ள மும்ப்ராவுக்குக் குடிபெயர்ந்தன. யாருக்கு எங்கே வீடு கிடைக்கும் என்பதை இப்போது பெயரும் தீர்மானிக்கிறது.

பாந்த்ரா தாண்டினால் புறநகரங்கள். இங்கே இந்த நூற்றாண்டின் படங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டன. ரிதேஷ் பத்ராவின் 'தி லஞ்ச்பாக்ஸ்' (2013) பெரும்பகுதி ஒரு சமையலறையிலும் ஓர் அலுவலக மேஜையிலும் லோக்கல் ரயிலிலும் நடக்கிறது. மேல்மாடி அத்தையை நாம் பார்ப்பதே இல்லை. குரல் மட்டும் ஜன்னல் வழியே வரும், மசாலா வேண்டுமென்றால் கயிற்றில் கட்டிய கூடை இறங்கும். இர்ஃபான் கான் நடித்த சாஜன் ஃபெர்னாண்டஸ் ஓரிடத்தில் கல்லறைக்கு இடம் பார்த்ததைக் கடிதத்தில் எழுதுகிறார். மனைவிக்குப் படுத்த நிலையில் குழி கிடைத்தது, தனக்கு நின்ற நிலையில் புதைக்கும் இடம்தான் மிச்சமிருக்கிறது, ரயிலிலும் பேருந்திலும் நின்றே கழிந்த ஆயுள் செத்த பிறகும் நின்றே கழியும் என்கிறார். விக்ரமாதித்ய மோட்வானேயின் 'டிராப்ட்' (2017) இதன் மறுமுனை. காதலிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, உடனே வீடு வேண்டும். தரகர் ஒருவர் ஆளில்லாத கோபுரத்தின் முப்பத்தைந்தாவது மாடியில் ஃபிளாட் கொடுக்கிறார். கதவு பூட்டிக்கொள்கிறது. தண்ணீரில்லை, மின்சாரமில்லை, கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. கோடிக்கணக்கானவர் நெருக்கியடித்து வாழும் ஊரில் ஒருவன் காலி வீட்டுக்குள் பட்டினி கிடக்கிறான். கட்டிய வீடுகள் காலியாகக் கிடக்க, வீடில்லாதவர்கள் சாலையில் கிடக்கும் ஊரில் இந்தக் கதை மிகை இல்லை.

பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்' 2024-ல் கான் விழாவின் கிராண்ட் பிரி பரிசு பெற்றது. மும்பையில் ஒரு சிறு ஃபிளாட்டைப் பகிர்ந்து வாழும் இரண்டு மலையாளி நர்சுகள், அதே மருத்துவமனையில் சமையல் வேலை பார்க்கும் பார்வதி. ஆலைத் தொழிலாளியின் விதவையான பார்வதியைப் பில்டர் வீட்டைவிட்டு வெளியேற்றப் பார்க்கிறார். அத்தனை ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததற்கு அவளிடம் காகிதம் இல்லை. இளையவளான அனுவும் அவள் காதலனும் தனியாக இருக்க இடம் தேடி அலைகிறார்கள். கடற்சுவர், ஆலைத் தெரு, நடைபாதை, குழாய், சால் என்று இந்தக் கட்டுரையில் வந்த எல்லாவற்றின் வாரிசும் இந்தப் படத்தில் இருக்கிறது. ஆனால் முடிவு புதியது. மூவருக்கும் மூச்சு விட இடம் கிடைப்பது ரத்னகிரிக் கடலோரத்தில், ஊருக்கு வெளியே. ஐம்பதுகளின் நாயகன் ஏமாந்தாலும் மும்பைக்கு வந்தான். இந்தப் பெண்களின் விடுதலைக்கு ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. எழுபது ஆண்டுகளில் இந்த நகரம் தன் உழைப்பாளிகளுக்குக் கொடுத்த வாக்கு எந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பதற்கு இதைவிடக் கடுமையான சாட்சி வேண்டியதில்லை.

தாராவி மறுகட்டுமானத் திட்டம் இப்போது நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு என்பது விதி. பின்னால் வந்தவர்களும் மேல்தளத்தில் இருப்பவர்களும் வேறிடம் போக வேண்டும். இரும்பு ஏணி ஏறிப் போகும் அந்த மேல்தள அறைகளில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. 'நாயக'னின் தாராவியை தோட்டா தரணி பெரும்பாலும் சென்னையில் செட்டாகப் போட்டார், தேசிய விருதும் பெற்றார். 'காலா'வின் தாராவியும் பெரும்பகுதி சென்னை செட்தான். சந்தின் அகலம் வரை அளந்து போட்ட அந்த செட்டுகளின் நேர்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நிஜச் சந்துகளுக்கு இன்னும் சில ஆண்டுகள்தான் மிச்சம். தமிழ் இயக்குநர்கள் கேமராவோடு ஒருமுறை மாஹிமில் இறங்கி, அந்த ஏணிகளில் ஏறி, மேல்தளத்தில் இருப்பவர்களின் கதையை அவர்கள் அங்கே இருக்கும்போதே எடுக்க வேண்டும்.